படிக்கட்டு, நெருஞ்சி முள், மூன்று சக்கரம்

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு மாதம். ஆறரைக் கிலோ இருக்கிறான். கணவரின் அண்ணன் ஜனவரியில் மெல்போர்னிலிருந்து வருகிறார். குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி, மூன்று சக்கர ஸ்ட்ரோலர் ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். நாங்கள் கோவை வடவள்ளியில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. ஆல்டோ கார் இருக்கிறது. தினமும் காலையில் குழந்தையோடு ஒரு நடை போய்வர வேண்டும் என்பது என் ஆசை. நான்கு சக்கரம்தான் கவிழாது என்கிறார் கணவர். இடுப்பு இருக்கும்போது வண்டி எதற்கு என்கிறார் அத்தை. என்ன செய்யலாம்?
– வாசகி, வடவள்ளி

பதில்: மூன்று சக்கரத்தையே வாங்கி வரச் சொல்லுங்கள். ஆனால் அதில் இரண்டு வகை இருக்கிறது. எது வேண்டும் என்பதை நீங்களே முடிவுசெய்து அவருக்கு எழுதி அனுப்புங்கள். தள்ளப்போவது நீங்கள், அவர் இல்லை.

என் மகள் பிறந்தபோது நாங்கள் நியூசிலாந்தில் வெலிங்டனில் இருந்தோம். ஊர் முழுக்க மேடும் சரிவும். அதோடு ஆளையே தள்ளும் காற்று. முதலில் குடை மாதிரி மடிகிற லேசான நான்கு சக்கர வண்டிதான் வாங்கினோம். கடைக்குள் தள்ளிப் பார்த்தபோது அருமையாக உருண்டது. தெருவுக்கு வந்ததும் உள்ளங்கை அளவுச் சக்கரம் ஒவ்வொரு கல்லுக்கும் நின்றது. ஒரே மாதத்தில் அதை ஓரமாக வைத்துவிட்டு, பழைய மூன்று சக்கர வண்டி ஒன்றை வாங்கினேன். மகளுக்கு ஒன்றரை வயதானபோது அந்த வண்டியோடுதான் கோவைக்குத் திரும்பினோம். மூன்று வயது முடியும்வரை உங்கள் மருதமலைச் சாலையிலும் உக்கடம் பெரியகுளத்துக் கரையிலும் தள்ளியிருக்கிறேன்.

இந்த இரண்டு வண்டிகளும் வேறு வேறு தேவைக்காகப் பிறந்தவை. குடை மாதிரி மடியும் வண்டியை 1965-இல் உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்கு சக்கரங்களில் வேலைசெய்த ஆங்கிலேயப் பொறியாளர். பிராம் என்கிற கனமான பழைய பாணிக் குழந்தை வண்டியோடு மகள் படும் பாட்டைப் பார்த்துத்தான் அலுமினியக் குழாய்களை வைத்து அதைச் செய்தார் என்பார்கள். தூக்கிக்கொண்டு போவதற்கான வண்டி அது. மூன்று சக்கரம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஓட்டப் பழக்கம் உள்ள ஃபில் பேக்லர், 1984-இல் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஓடுவதற்காகக் குழந்தை வண்டியில் சைக்கிள் சக்கரங்களை மாட்டினார். இது தரையில் உருட்டிக்கொண்டு போவதற்கான வண்டி. உங்கள் தெருவுக்கு இரண்டாவதும் உங்கள் படிக்கட்டுக்கு முதலாவதும் பொருந்துகிறது. குழப்பம் அங்கேதான்.

முதலில் தெருவைப் பார்ப்போம். உண்மையில் மூன்று என்கிற எண்ணிக்கையைவிடச் சக்கரத்தின் அளவுதான் அதிக வேலை செய்கிறது. 12 அங்குலச் சக்கரம், காற்றடைத்த டயர் என்றால் குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய இடங்களில்கூட ஏறி இறங்கிவிடும். முன்னால் ஒற்றைச் சக்கரம் இருப்பதால், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழுந்து வண்டி திரும்பிக்கொள்ளும் தொல்லை குறைவு. கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நடைபாதை விளிம்பில் கோணலாக ஏறினாலோ இறங்கினாலோ மூன்று சக்கரம் பக்கவாட்டில் சாயும். நேராக நின்று, கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி ஏற்றுங்கள். இறங்கும்போது திருப்பிக்கொண்டு, பின்சக்கரங்கள் முதலில் இறங்கட்டும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

சரி, இரண்டு வகை என்றேனே. ஒன்றில் முன்சக்கரம் அசையாமல் நேராகவே நிற்கும். ஓடுகிறவர்களுக்காகச் செய்தது அது. ஒவ்வொரு திருப்பத்திலும் முன்பக்கத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். மளிகைக் கடைச் சந்தில் அழுகை வந்துவிடும். இன்னொன்றில் முன்சக்கரம் எல்லாப் பக்கமும் சுழலும், தேவைப்பட்டால் நேராகப் பூட்டியும் கொள்ளலாம். உங்களுக்கு வேண்டியது இதுதான். கரடான மண் பாதையிலும் சரிவில் இறங்கும்போதும் பூட்டிவிடுங்கள். பூட்டாத சக்கரம் அங்கே படபடவென்று ஆடி, திடீரென ஒரு பக்கம் இழுக்கும்.

அடுத்தது சாய்வு. வண்டி வரும்போது பையனுக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும், உட்காரப் பழகியிருப்பான். ஆனால் நடையில் பத்தே நிமிடத்தில் தூங்கிவிடுவான். அப்போது தலை மார்பில் கவிழக் கூடாது. இருக்கை ஏறத்தாழ மல்லாந்து படுக்கும் அளவுக்குச் சாய வேண்டும். 'சாயும்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, எவ்வளவு என்று பார்த்து வரச் சொல்லுங்கள். வார் தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் இருக்க வேண்டும். மூன்று சக்கர வண்டிகளில் பெரும்பாலும் குழந்தை முன்னோக்கித்தான் உட்காரும், உங்கள் முகம் தெரியாது. எனக்கு அதில் மனக்குறை இருந்தது. இருக்கையை நம் பக்கம் திருப்புகிற மாடல் கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் படிக்கட்டு. இந்த வகை வண்டி பத்திலிருந்து பதின்மூன்று கிலோ வரை இருக்கும். ஒரு வயதில் பையனே ஒன்பது, பத்துக் கிலோ ஆகிவிடுவான். இரண்டையும் சேர்த்து இரண்டு மாடி தூக்குவது பிரசவமான உடம்புக்கு ஆகாது. குழந்தையை உள்ளேயே வைத்துப் படிப்படியாகத் தட்டி இறக்குவதை நினைத்தே பார்க்காதீர்கள். நாங்கள் கீழே மாடிப்படிக்கு அடியில் கிரில் கம்பியோடு சைக்கிள் செயின் போட்டுப் பூட்டிவைத்தோம். இருக்கைத் துணியை மட்டும் கழற்றி மேலே கொண்டுபோவேன், பல்லியும் தூசியும் அண்டாமல் இருக்க. வீட்டு உரிமையாளரிடம் அந்த ஓர் இடத்தை இப்போதே கேட்டுவையுங்கள். அவர் முடியாது என்றால் கணவர் சொல்கிறபடி லேசான நான்கு சக்கரத்துக்கே போங்கள், மூன்று சக்கரம் வேண்டாம். தூக்கச் சிரமப்பட்டு அது பரணுக்குப் போய்விடும்.

கார் விஷயத்துக்கு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வண்டியை மடித்தால் நீளம், அகலம், உயரம் எவ்வளவு என்று அவரிடம் கேட்டு, அந்த அளவில் ஓர் அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டி ஆல்டோவின் டிக்கியில் வைத்துப் பாருங்கள். பின்சக்கரங்களைக் கழற்றினால் அளவு எவ்வளவு குறைகிறது என்றும் கேளுங்கள். அந்த டிக்கி சின்னது. பின்சீட்டில்தான் வைக்க முடியும் என்றால் நீங்கள் எங்கே உட்காருவீர்கள் என்பதையும் பார்க்க வேண்டுமே! உங்கள் கேட்டின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். பின்சக்கரங்கள் இருக்கும் இடத்தில் இந்த வண்டிகள் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அளவிலோ அதற்கு மேலோ அகலம் இருக்கும்.

டயரைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். வெலிங்டனில் ஒருமுறைகூட பஞ்சர் ஆகாத வண்டி, இங்கே வந்த முதல் மாதமே குளத்துக் கரையில் நெருஞ்சி முள் குத்தி உட்கார்ந்துவிட்டது. சைக்கிள் கடைக்காரர் ஒட்டிக் கொடுத்தார், ஆனால் அவருடைய பம்ப் பொருந்தவில்லை. நம் ஊர்ச் சாதாரண சைக்கிளின் வால்வு வேறு, வெளிநாட்டு ஸ்ட்ரோலர்களில் பெரும்பாலும் வருகிற கார் வால்வு வேறு. அப்படியே பெட்ரோல் பங்குக்குத் தள்ளிப் போனேன். காரின் டயருக்கு அடிக்கிற வேகத்தில் அடித்தார்கள், டியூப் வெடித்தது. நல்லவேளை, மகள் என் தோளில் இருந்தாள். அந்தச் சின்ன டயருக்கு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பது அதன் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். காரின் டயரைவிட அது பெரும்பாலும் குறைவு. அதனால் வண்டியோடு இரண்டு டியூப், கார் வால்வுக்குப் பொருந்தும் ஒரு கைப்பம்ப், இரண்டையும் வாங்கி வரச் சொல்லுங்கள். டியூபின் வால்வு வளைந்ததா நேரானதா என்று பார்த்து அதேபோல் வாங்க வேண்டும். சக்கரம் சின்னது என்பதால் சில வண்டிகளில் நேர் வால்வில் பம்ப் முனை மாட்ட இடம் இருக்காது. காற்றே தேவைப்படாத ஃபோம் டயரும் கிடைக்கிறது. பஞ்சர் தொல்லை இல்லை, ஆனால் அதிர்வு கூடும். ஸ்பிரிங் நன்றாக இருந்தால் அதுவும் எனக்குச் சம்மதமே.

நம் உடைக்கும் இந்த வண்டிக்கும் ஒரு தகராறு உண்டு. பின்சக்கரங்கள் அகலமாக, நம் காலுக்குப் பக்கத்திலேயே உருளும். துப்பட்டா நுனியும் சேலைத் தலைப்பும் அதில் சுற்றிக்கொள்ளும். முடிச்சுப் போட்டுச் செருகிக்கொண்டு கிளம்புங்கள். சில வண்டிகளில் பிரேக்கை விடுவிக்கக் கால் விரலால் மேலே நெம்ப வேண்டும். செருப்புப் போட்ட காலுக்கு அது வலிக்கும், வலித்தால் பிரேக் போடுவதையே தவிர்க்க ஆரம்பிப்போம். மிதித்தால் பிடித்து, மறுபடி மிதித்தால் விடுகிற பிரேக்காகக் கேளுங்கள். கைப்பிடியில் தொங்கும் மணிக்கட்டு வாரை ஒருநாளும் கழற்றிப் போடாதீர்கள். வெலிங்டனில் ஒரு சரிவில் மகளுக்குத் தொப்பி எடுக்கக் கைப்பிடியை விட்டேன். இரண்டே நொடி. வண்டி உருண்டு வார் இழுத்து நின்றது. அந்த இழுப்பை இன்றும் மணிக்கட்டு மறக்கவில்லை. காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டாதீர்கள், குழந்தையை இறக்கியதும் வண்டி பின்பக்கம் மல்லாந்துவிடும். அடியில் கூடை இருக்கிறது, அதில் வையுங்கள்.

வெயிலுக்கு மேலே துண்டு போர்த்துவதை நிறையப் பேர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறும், குழந்தையின் முகமும் நமக்குத் தெரியாது. நன்றாக இறங்கும் கூரை உள்ள வண்டியாகப் பாருங்கள், ஏழரை மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். பேருந்தின் புகை நேராகக் குழந்தையின் முகத்துக்கு வரும் உயரத்தில்தான் இருக்கை இருக்கிறது. அதனால் மருதமலைச் சாலையை அதிகாலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்குப் போனால் மரநிழலிலேயே ஒரு சுற்று வரலாம்.

அப்புறம், உங்கள் அத்தை. அவர் சொல்வது தவறே இல்லை. மருதமலைப் படியில் எந்த வண்டியும் ஏறாது. கல்யாண மண்டபத்திலும், அழுகிற ராத்திரியிலும் இடுப்பும் தோளும்தான். வண்டி அதற்குப் பதிலாக வருவதில்லை. பத்துக் கிலோ குழந்தையோடு ரேஸ்கோர்ஸ் சுற்ற அவராலும் முடியாது, உங்களாலும் முடியாது. முதல் நடைக்கு அவரையும் கூட்டிப்போய்க் கைப்பிடியை அவரிடம் கொடுங்கள். என் அம்மா முதல் நாள் முகம் திருப்பிக்கொண்டார். இரண்டாம் வாரம் என்னைத் தள்ளவிடவில்லை.

கேள்வி: நான் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவன். ஐந்து மாத மகளை மூன்று சக்கர வண்டியில் வைத்துக்கொண்டு ஓடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இப்போது வேண்டாம். வண்டி தயாரிப்பவர்களே ஆறு மாதத்துக்கு முன் ஓடக் கூடாது என்கிறார்கள், சிலர் எட்டு மாதம் என்று போடுகிறார்கள். மகள் தானாக நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்து உறுதியாக நிற்பதைக் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் கேட்டபிறகு தொடங்குங்கள். அதுவரை நடங்கள். இன்னொன்று, மூன்று சக்கரம் இருப்பதாலேயே அது ஓடுவதற்கான வண்டி ஆகிவிடாது. பெட்டியிலும் கையேட்டிலும் ஓடலாம் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். முன்சக்கரத்தைப் பூட்டுங்கள், மணிக்கட்டு வாரை மாட்டுங்கள், சாலையில் வேண்டாம், மைதானத்தில் ஓடுங்கள்.

கேள்வி: தெரிந்தவர் வீட்டில் நான்கு வருடப் பழைய மூன்று சக்கர ஸ்ட்ரோலரைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: நான் வைத்திருந்ததே பழசுதான். ஆனால் பாதி விலை அதிகம், குறைத்துக் கேளுங்கள். போகும்போது ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்று கொண்டுபோங்கள். அதை இருக்கையில் வைத்து வாரைப் பூட்டி, சரிவில் பிரேக் போட்டு நிறுத்திப் பாருங்கள். முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள், கழன்று வருகிற வகை என்றால் நெம்புகோல் இறுக மூடுகிறதா என்று பாருங்கள். ஓடும்போது கழன்றால் குழந்தை முகம் குப்புற விழும். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் கவலை வேண்டாம், புது டயர் போடலாம். மடிப்பு மூட்டில் விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். வீட்டில் மூத்த குழந்தை இருந்தால், வண்டியை மடிக்கும்போதும் விரிக்கும்போதும் அதை எட்ட நிறுத்திவையுங்கள். அந்த மூட்டில் விரல் சிக்கினால் நசுங்கிவிடும்.