பிபி மெஷினில் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறதே, மெஷின் பழுதா?

அம்மாவுக்கு முதலில் 152, ஐந்து நிமிடம் கழித்து 134 காட்டியது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருக்காது. ரத்த அழுத்தம் துடிப்புக்குத் துடிப்பு மாறுவதுதான் இயல்பு.

இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லி ரத்தத்தை மகாதமனிக்குள், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்க்குள், தள்ளுகிறது. அப்போது ஏறும் உச்சம்தான் மேல் எண். அடுத்த துடிப்புக்குள் எவ்வளவு இறங்குகிறதோ அது கீழ் எண். உப்பிய மகாதமனி மீண்டும் சுருங்கி ரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அழுத்தம் பூஜ்யத்துக்குப் போவதில்லை. வயதானால் அந்தச் சுவர் விறைத்துவிடும். பெரியவர்களுக்கு மேல் எண் மட்டும் ஏறுவது அதனால்தான்.

வீட்டு மெஷின், கையில் சுற்றும் பட்டைக்குள் உண்டாகும் அதிர்வை அளந்து, அதிலிருந்து இரண்டு எண்களையும் கணக்கிடுகிறது. பேசினாலோ கையை அசைத்தாலோ கணக்கு தப்பும். நாடித்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கும் எண் தாறுமாறாக வரும்; அவர்களுக்கு மூன்று முறையாவது பார்க்க வேண்டும்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது கை இருக்கும் உயரத்தில். இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே கை தொங்கினால் 7, 8 புள்ளி கூடும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து கீழே வரவரக் குழாயில் அழுத்தம் கூடுவது போலத்தான். கையை மேசைமேல் வையுங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் எண் ஏறும். உள்ளே இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது வளைந்து வர வேண்டும்.

காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காரட்டும். பிறகு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு. காலை, மாலை என 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி எடுங்கள். அது 135/85-ஐ எட்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். அமெரிக்க வழிகாட்டிகளில் அந்த எல்லை 130/80.

மாடியேறி வந்தவரை உட்காரவைத்த கையோடு, சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, ஒரே ஒரு முறை அளந்து மாத்திரை எழுதுவது பல இடங்களில் நடக்கிறது. இதைச் சொன்னால் டாக்டரையே எதிர்க்கிறேன் என்பார்கள். இல்லை. மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. எழுதிய தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அவருக்கும் அது உதவும்.

180/120-க்கு மேல் போய், கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் என ஏதாவது ஒன்று இருந்தால், மறுபடி அளந்துகொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.