இலங்கைச் சான்றிதழில் வரும் வியட்நாம் மிளகு: மலை வாசகர் கேள்வி – பதில்

கீழ்ப்பழனி மலை மிளகு, மேல்மலைப் பூண்டு, கொடைக்கானலுக்கு வரும் பார்சல் என்று பலவற்றைப் பற்றியும் கடிதங்கள் வந்தன. அவற்றில் எல்லை தாண்டி வரும் சரக்கைத் தொட்டவை மட்டும் இந்த இதழில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தைப் போட்டிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம். பட்டிவீரன்பட்டி வியாபாரிகளிடம் விலை கேட்டால், “இலங்கை வழியாக வியட்நாம் மிளகு வந்து இறங்குகிறது, இதற்கு மேல் தர முடியாது” என்கிறார்கள். அந்த நாட்டோடு ஒப்பந்தம் இருக்கிறது, நமக்குச் சுங்கத்துறையும் இருக்கிறது. பிறகு எப்படி வருகிறது? அந்த அரசையே கேட்டு நிறுத்த முடியாதா? – தாண்டிக்குடி வாசகர்

பதில்: கேட்க முடியும், கேட்கவும் செய்கிறார்கள். எதைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் சரக்கு சிக்குவதும் நழுவுவதும்.

முதலில் லாபம் எங்கே என்று பாருங்கள். மிளகுக்குப் பொதுவான இறக்குமதி வரி 70 சதவீதம். தென்கிழக்காசிய நாடுகளோடு உள்ள ஆசியான் ஒப்பந்தப்படி வியட்நாமிலிருந்து நேராக வந்தால் 50. அதே மிளகு ‘இலங்கையில் விளைந்தது’ என்ற சான்றோடு, தெற்காசிய நாடுகளின் சாஃப்டா வணிக ஒப்பந்தத்தில் வந்தால் 8. இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே கிடையாது. கணக்குக்குக் கிலோ 500 ரூபாய் என்று வைப்போம். 50 சதவீதத்துக்கும் 8 சதவீதத்துக்கும் நடுவே கிலோவுக்கு 210 ரூபாய். இருபதடிக் கன்டெய்னரில் 14 டன் ஏற்றினால் 29 லட்சத்து 40 ஆயிரம். கொழும்பில் இறக்கி, சாக்கு மாற்றி, மறுபடி கப்பல் ஏற்றும் செலவு இதன் முன்னால் தூசு.

500 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. 2017 டிசம்பரில் அதற்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி செய்யத் தடை வந்தது. அதற்கும் ஒரு வழி கண்டார்கள். வாங்கிய விலை 350 ஆனாலும் பில்லில் 500 என்று போடுவது. கூடுதலாக வங்கி வழியே போன 150 ஹவாலாவில் திரும்பிவிடும். ஆக, ஒரே கன்டெய்னரில் பொய்ச் சான்றும் இருக்கும், பொய் விலையும் இருக்கும். இரண்டையும் அயல் அரசிடம் விசாரிக்கும் வழி வேறு வேறு.

சான்றை விசாரிப்பது, 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ‘கேரோட்டார்’ விதிகளின்படி. வரிச் சலுகை கேட்கும் சரக்கு எந்த நாட்டுடையது என்று சோதிக்கும் சுங்க விதிகள் இவை. அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் முதலில் இறக்குமதியாளரைக் கேட்பார். சரக்கு அந்த நாட்டில்தான் விளைந்தது என்பதற்கான விவரங்களை அவர் 10 வேலை நாளுக்குள் தர வேண்டும். அந்த விவரங்களை ஐந்து ஆண்டு பத்திரமாக வைத்திருப்பதும் அவர் பொறுப்பு. “சான்றிதழ் இருக்கிறதே, எனக்கென்ன தெரியும்” என்று கையை விரிக்க முடியாது. பதில் போதவில்லையென்றால், தில்லியில் இதற்கென உள்ள பொறுப்பு அதிகாரி வழியாக, சான்று கொடுத்த அரசுக்கே கேள்வி போகும். இலங்கையில் சான்று வழங்குவது வணிகத் திணைக்களம். ஒப்பந்தத்தில் வேறு கெடு சொல்லப்படாவிட்டால் 60 நாள். அதுவரை காத்திருக்க முடியாதவர், வரி வித்தியாசத்துக்கு ஈடு கட்டிச் சரக்கை எடுத்துக்கொள்ளலாம்.

கோளாறு பெரும்பாலும் கேள்வியில்தான். “இந்தச் சான்றிதழ் உங்களுடையதா?” என்று கேட்டால், “ஆம், எங்கள் முத்திரைதான்” என்று பதில் வரும். அது உண்மையும்கூட. சான்றிதழ் அசல், அதில் எழுதியதுதான் பொய். அந்த ஏற்றுமதியாளர் முந்தைய ஆறு மாதத்தில் வியட்நாமிலிருந்து எத்தனை டன் இறக்கினார், உள்ளூரில் யாரிடம் எத்தனை கிலோ வாங்கினார், அதற்குச் சீட்டு எங்கே என்று எண்ணிக்கையோடு கேட்டால் மழுப்ப இடம் குறையும்.

விலையை விசாரிக்க இன்னொரு கதவு. 2015 மார்ச் 13 அன்று இந்தியாவும் இலங்கையும் சுங்க விவகாரங்களில் பரஸ்பர உதவிக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த வழியில் இங்கே உள்ள சுங்கத்துறை அங்கே உள்ள சுங்கத்துறையிடம், அதே கன்டெய்னருக்கு அங்கே கொடுத்த ஏற்றுமதிப் பத்திரத்தைக் கேட்கலாம். அங்கே ஒரு விலை, இங்கே ஒரு விலை என்றால் வழக்கு நிற்கும். விசாரணையின்போது வெளிநாட்டிலிருந்து முறையாக வந்த ஆவணத்தைச் சான்றாக ஏற்கச் சுங்கச் சட்டத்தின் 139ஆம் பிரிவில் இடமுண்டு. ‘முறையாக’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அதிகாரிக்கு அதிகாரி தொலைபேசியில் சொன்ன தகவல் சரக்கை மடக்க உதவும், தீர்ப்பாயத்தில் செல்லாது.

மிளகை ஆய்வகத்தில் பார்த்தே நாட்டைச் சொல்லிவிட முடியாதா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். இலங்கை மிளகு காரத்துக்கு, அதாவது பைப்பரின் அளவுக்கு, பெயர் போனது. வியட்நாம் மிளகு லிட்டருக்கு 500 கிராம், 550 கிராம் என்று எடைத் தரத்தில் விற்பனையாகிறது. இந்த வேறுபாடு சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவே. இரண்டையும் கலந்துவிட்டால் அதுவும் போச்சு.

பொய் என்று உறுதியானால், அதே ஏற்றுமதியாளரின் அதே சரக்குக்கு மறு விசாரணை இல்லாமலே சலுகையை மறுக்கலாம். சலுகை கேட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டு வரை பழைய சரக்கையும் கிளறலாம். ஆனால் வசூல் நோட்டீஸ் போகும்போது அந்த முகவரியில் பூட்டுத்தான் தொங்கும். இறக்குமதி உரிம எண்ணை யாரோ ஒரு கூலித் தொழிலாளியின் பெயரில் எடுத்திருப்பார்கள். எங்கள் பார்வையில், இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை கொழும்பில் இல்லை. இங்கே உரிம எண் கொடுக்கும் மேசையில் இருக்கிறது.

கேள்வி: மலையிறங்கும் வழியில் ஒரு கிடங்கில் வெளிநாட்டு மிளகை நம் ஊர்ச் சாக்கில் மாற்றுவதாகப் பேச்சு. புகார் எங்கே கொடுப்பது? பெயர் வெளியே வருமா? – பண்ணைக்காடு வாசகர்

பதில்: வருவாய்ப் புலனாய்வு இயக்ககம், சுருக்கமாக டி.ஆர்.ஐ., இதற்கானது. சென்னையில் மண்டல அலுவலகம். தூத்துக்குடியிலும் கோவையிலும் கிளைகள். காவல் நிலையத்தில் கொடுத்தால் தவறில்லை, சுற்றிப் போகும்.

“கள்ள மிளகு வருகிறது, நடவடிக்கை எடுங்கள்” என்ற மனு கோப்பில் தூங்கும். வேண்டியது எண்கள். கன்டெய்னர் கதவில் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். அது ஒன்று போதும், எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல், யார் பெயரில் வந்தது என்று எடுத்துவிடுவார்கள். கன்டெய்னர் தெரியாவிட்டால் லாரி எண், தேதி, நேரம். சரக்கோடு போகும் இ-வே பில்லின் 12 இலக்க எண்ணோ, பில்லில் உள்ள 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணோ கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பழைய சாக்கைக் கழித்துப் போட்டிருந்தால் அதன் முகப்பு அச்சையும் தையல் சீட்டையும் படமெடுங்கள். கிடங்குக்குள் நுழையாதீர்கள். மாதிரி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அது சட்டப்படி மாதிரி ஆகாது. அதிகாரிகள் சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதி எடுப்பதுதான் செல்லும்.

தகவலாளியின் பெயர் வழக்குக் கோப்பில் வராது. வெகுமதி வேண்டுமென்றால் இடது பெருவிரல் ரேகையை வாங்கி உறையில் முத்திரையிட்டு வைப்பார்கள்; பிறகு ஆளை அடையாளம் காண அதுதான். பறிமுதல் சரக்கு மதிப்பில் 20 சதவீதம் வரை தர விதி இடம் தருகிறது. ‘வரை’ என்றுதான் விதி. வழக்கு முடிந்த பிறகே முழுத்தொகை பற்றிய பேச்சு.

சரக்கைப் பிடித்தபின் ஆறு மாதத்துக்குள் விளக்கம் கேட்கும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். காரணம் எழுதி இன்னும் ஆறு மாதம் நீட்டலாம். தவறினால் சரக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அயல்நாட்டுப் பதில் தாமதமாகும் வழக்குகளில் இந்தக் கெடுதான் கழுத்தை நெரிக்கிறது.

கேள்வி: ஒப்பந்தம் இருந்தால் நம் அதிகாரிகள் அங்கே போய்க் கைது செய்யலாமா? – அடுக்கம் வாசகர்

பதில்: முடியாது. வெளிநாட்டுத் தூதரகங்களில் நம் சுங்க அதிகாரிகள் சிலர் பணியில் இருக்கிறார்கள். அவர்கள் வேலை தகவல் திரட்டுவது. சாட்சியம் வேண்டுமென்றால் உள்துறை அமைச்சகம் வழியாக, ஆளைத் தேடும் இன்டர்போல் அறிவிப்பு என்றால் சி.பி.ஐ. வழியாக. சரக்கை உடனே பிடிக்காமல் போகவிட்டு, வாங்குபவன் கை நீட்டும்போது மடக்கும் முறைக்கும் இரு நாட்டுக்கும் சம்மதம் வேண்டும். அதற்கான சுங்க விதிமுறை 2022இல் வந்தது.

கேள்வி: எங்கள் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் வடுகபட்டிச் சந்தையில் விலை சரிகிறது. சீனப் பூண்டு தடை செய்யப்பட்டதுதானே, எப்படி நுழைகிறது? – பூம்பாறை வாசகர்

பதில்: சீனப் பூண்டு இறக்குமதிக்கு 2014 முதல் தடை. பூஞ்சைத் தொற்று வந்துவிடும் என்ற அச்சம் காரணம். ஆனால் நேபாளம் தன் தேவைக்கென்று அதை வாங்குகிறது, அது அங்கே குற்றமல்ல. இந்திய–நேபாள எல்லை 1,751 கிலோமீட்டர். 1950 உடன்படிக்கைப்படி இரு நாட்டு மக்களும் விசா இல்லாமல் போய்வரலாம். லாரியாக வராது. சைக்கிளிலும் தலைச்சுமையிலும் இருபது முப்பது கிலோவாக வயல் வரப்பு வழியே வந்து, இந்தப் பக்கக் கிடங்கில் சேர்ந்த பிறகே லாரி ஏறும். ஏறிவிட்டால் அது உள்நாட்டுச் சரக்கு போலத்தான் போகும்.

அந்த எல்லையைக் காப்பது சஷஸ்திர சீமா பல். பிடித்ததைச் சுங்கத்துறையிடம் ஒப்படைப்பார்கள். நேபாளத்தோடு அங்கீகாரமற்ற வணிகத்தைத் தடுக்கத் தனி ஒப்பந்தமே இருக்கிறது. இதற்காக டி.ஆர்.ஐ. பேசும் நேபாளத் துறையின் பெயர்ச் சுருக்கமும் டி.ஆர்.ஐ.தான், கூட்டக் குறிப்பு எழுதுபவர் பாடு திண்டாட்டம். தடுமாற்றம் எதிலென்றால், நேபாளத்தில் சட்டப்படி இறங்கிய சரக்கை அந்த நாட்டுக்காரர் தன் எல்லை ஊரில் குவித்து வைப்பதைத் தடுக்க அங்கே சட்டமில்லை. ஓர் எல்லை மாவட்டத்துக்குள் அந்த மாவட்டத்தின் தேவைக்கு மேல் எவ்வளவு பூண்டு போகிறது என்ற கணக்கை இரு தரப்பும் பகிர்ந்துகொண்டால் மட்டுமே முன்கூட்டி விழிக்க முடியும்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சந்தையில் பெரிய பல்லாகத் தெரியும் வெள்ளைப் பூண்டெல்லாம் சீனம் அல்ல. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அறுவடை முடிந்து வரத்துக் கூடும் மாதங்களில் விலை தானாகவே இறங்கும். அடிவேர் மழுங்கச் சீவி, எல்லாப் பூண்டும் ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்படலாம். தீர்ப்புச் சொல்லக் கூடாது. வெளியூர்ப் பூண்டைக் ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ என்று விற்பது வேறு குற்றம். அதற்குச் சுங்கத்துறை வராது, புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்க வேண்டும்.

கேள்வி: விடுதித் தோட்டத்தில் வைக்க ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று விலைக்கு வருகிறது. பாங்காக்கிலிருந்து வந்ததாம், “பேப்பர் இருக்கிறது” என்கிறார் விற்பவர். வாங்கலாமா? – கொடைக்கானல் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையில் இந்தக் கிளி 2017 ஜனவரியிலிருந்து முதலாம் பட்டியலில் இருக்கிறது. காட்டில் பிடித்ததை நாடு தாண்டி விற்கவே கூடாது. முறையாக வருவதென்றால் அனுப்பும் நாட்டு அனுமதி, நம் நாட்டு அனுமதி, அயல் வணிக இயக்குநரகத்தின் உரிமம், கால்நடைத் தொற்றுத் தடுப்புத் துறையின் ஒப்புதல் எல்லாம் வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படம் எதுவும் ‘பேப்பர்’ ஆகாது.

இங்கேயே பிறந்த கிளி என்றால் கதை வேறு. திருத்திய வனவிலங்குச் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. 2024 விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். விற்பவர் பெயரில் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பச்சைக் கிளிக்கு இந்தப் பதிவும் கிடையாது. அதை வீட்டில் வைப்பதே குற்றம்.

விமான நிலையத்தில் பிடிபடும் உயிர்களைப் பெரும்பாலும் தாய்லாந்துக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இரு நாட்டு ஒத்துழைப்பில் ஓரளவு ஒழுங்காக நடக்கும் வேலை இது. ஆனால் பெட்டியில் திணித்து வந்தவற்றில் பல அதற்குள் செத்துவிடும்.

கேள்வி: மச்சான் துபாயிலிருந்து ஊருக்கு வருகிறார். உடன் வேலை செய்பவர் ஒரு மிக்ஸி கொடுத்து, “மதுரையில் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார், செலவுக்குப் பணம் தருகிறேன்” என்கிறாராம். தவறா? – பாச்சலூர் வாசகி

பதில்: மிக்ஸிக்குள் என்ன இருக்கிறது என்று மச்சானுக்குத் தெரியாது, ஆனால் அதை வாயால் மட்டும் சொல்லித் தப்ப முடியாது. தங்கம் என்றால், அது கடத்தல் தங்கம் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவர் மேல், சுங்கச் சட்டத்தின் 123ஆம் பிரிவு. தண்டனை ஏழு ஆண்டு வரை போகும். மோட்டார் சுருளுக்குப் பதில் தங்கம் வார்த்து வைப்பது பழைய வேலை. எக்ஸ்ரேயில் அடர்த்தி காட்டிக்கொடுத்துவிடும். 2022 முதல் பன்னாட்டு விமானப் பயணிகளின் பதிவு விவரங்களை விமான நிறுவனங்கள், விமானம் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே சுங்கத்துறைக்குத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. யார் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார், ஒரே கார்டில் எத்தனை பேர் பறந்தார்கள் என்று பார்த்தே குருவிகளை, அதாவது கூலிக்குச் சரக்கு தூக்கி வருபவர்களை, பிரிக்கிறார்கள்.

மச்சான் ஓராண்டுக்கு மேல் அங்கே இருந்திருந்தால் 20 கிராம் நகை வரியில்லாமல் கொண்டுவரலாம். பெண்ணென்றால் 40 கிராம். நகை மட்டும், தங்கக் காசும் பிஸ்கட்டும் கணக்கில் சேராது. அதற்கு மேல் இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டட்டும். மிக்ஸியை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: “உங்கள் பெயரில் வெளிநாட்டுப் பார்சல், உள்ளே போதைப்பொருள், சுங்கத்துறையிலிருந்து பேசுகிறோம்” என்று வீடியோ அழைப்பு வந்தது. வங்கிக் கணக்கைச் சரிபார்க்கப் பணம் அனுப்பச் சொன்னார்கள். இப்படி நடப்பதுண்டா? – பெருமாள்மலை வாசகர்

பதில்: சுங்கத்துறை வீடியோவில் கைது செய்வதில்லை, தனியார் கணக்கில் பணம் வாங்குவதும் இல்லை. உண்மையான கடிதம் என்றால் அதில் ஆவண அடையாள எண் இருக்கும். மறைமுக வரி வாரிய இணையதளத்தில் அதைப் போட்டால் கடிதம் அசலா என்று தெரிந்துவிடும். அஞ்சல் பார்சலுக்கு வரி இருந்தால் தபால்காரர் கொண்டுவரும்போதே ரசீதோடு வாங்குவார்.

பணம் போயிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் 1930 எண்ணை அழையுங்கள். பரிமாற்ற எண், தொகை, நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும். அவை இருந்தால் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் நிறுத்த வாய்ப்புண்டு. இந்த அழைப்புகளில் பல கம்போடியா, மியான்மர் எல்லைக் கூடங்களிலிருந்து வருபவை. வேலை என்று நம்பிப் போய் அங்கே சிக்கிய இந்தியர்கள் 500க்கும் மேற்பட்டோரை 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் அழைத்து வந்தார்கள். ஆகவே உங்கள் ஊர்ப் பையன்கள் யாராவது ‘தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை’ என்று கிளம்பினால், வேலைக்கு எடுக்கும் முகவர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்றால் போகவிடாதீர்கள்.