உறை போட்டிருந்தாராம், அதை நம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. கருங்கல் பக்கம் வீடு. கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார், அடுத்த மாதம் லீவுக்கு வருகிறார். ஏழு மாதத்துக்கு முன்னால் அங்கே ஒரு பெண்ணிடம் போனதாகப் போன வாரம் போனில் அழுதுகொண்டே சொன்னார். ஒரே ஒரு தடவைதானாம், அதுவும் ஆணுறை போட்டிருந்தாராம். ஆணுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை உண்டு, எய்ட்ஸ் கிருமி அது வழியாக வந்துவிடும் என்று படித்தேன். நான் காப்பர் டி போட்டிருக்கிறேன். அவரோடு சேர்ந்தால் எனக்கும் ஏதாவது வருமா? ஊர் மெடிக்கல் ஷாப்பில் எல்லோருக்கும் எங்களைத் தெரியும். தயவுசெய்து பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கணவர் செய்ததை நினைத்து மனசு அறுபடுகிறது, கூடவே நோய் பயமும் சேர்ந்துகொண்டது. மன்னிப்பதா வேண்டாமா என்பதில் யாரும் உங்களை அவசரப்படுத்த வேண்டாம். நோய் விஷயத்துக்கு அவர் வந்து இறங்கிய வாரத்திலேயே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். அதனால் அதை முதலில் பேசுவோம்.

அந்த ஓட்டைக் கதையை நம்பாதீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விடியும் முன்பே போய் வெட்டி எடுக்கிறார்களே, அந்த ரப்பர் பாலில் செய்வதுதான் ஆணுறை. எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் 1969-லேயே அரசு இதற்குத் தொழிற்சாலை தொடங்கிவிட்டது. ஆணுறைகளை மின்சோதனையில் ஓட்டை பார்த்த பிறகுதான் பாக்கெட்டில் போடுவார்கள். கிழியாத உறை வழியாக எச்.ஐ.வி. கிருமி ஊடுருவாது.

தப்பு நடப்பதெல்லாம் போடுகிற விதத்தில்தான். கருத்தடைக்கு ஆணுறையை மட்டும் நம்பும் 100 தம்பதிகளில், ஒவ்வொரு முறையும் சரியாகப் போட்டால் ஒரு வருடத்தில் 2 பேருக்குத்தான் கரு தங்கும். சாதாரணமாக மக்கள் போடுகிற மாதிரி போட்டால் 13 பேருக்குத் தங்கும். பாதியில் போடுவது, பல்லால் கடித்துப் பாக்கெட்டைக் கிழிப்பது, மாதக்கணக்கில் பர்ஸில் வைத்துச் சூடேற்றுவது, தேதி முடிந்ததைப் போடுவது எல்லாம் இதில் அடக்கம். அப்புறம் எண்ணெய். நம் ஊரில் தலைக்கும் கறிக்கும் புண்ணுக்கும் தேங்காய் எண்ணெய்தான். அது ஆணுறையில் பட்டால் சில நிமிடங்களில் ரப்பர் வலுவிழந்து கிழியும். வழுவழுப்பு வேண்டுமென்றால் மெடிக்கல் ஷாப்பில் தண்ணீரில் கரையும் ஜெல் கேட்டு வாங்க வேண்டும்.

அதனால் கணவரிடம் கூச்சத்தைத் தள்ளி வைத்து இதைக் கேளுங்கள்: ஆரம்பத்திலிருந்தே போட்டிருந்தாரா, கிழிந்ததா, வாய்வழி உறவு இருந்ததா? ஆரம்பம் முதல் முடிவு வரை கிழியாமல் இருந்திருந்தால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. உறையே இல்லாமல், கிருமி உள்ள பெண்ணோடு சேரும் ஆணுக்குக்கூட ஒரு உறவில் தொற்றும் வாய்ப்பு 10,000-ல் சுமார் 4 என்றுதான் கணக்கு. புண் ஏதும் இருந்தால் அது கூடும். வெட்டை நோய் எனப்படும் கொனோரியாவையும் கிளமிடியாவையும் ஆணுறை நன்றாகவே தடுக்கும். சிபிலிஸ், ஹெர்பிஸ், மரு உண்டாக்கும் எச்.பி.வி. ஆகிய மூன்று பால்வினைத் தொற்றுகளும் தோலோடு தோல் உரசியே பரவக்கூடியவை. உறை மூடாத இடத்தில் புண் இருந்தால் அங்கிருந்து தொற்றலாம். அறவே பயமில்லை என்று நான் சொல்லாததற்கு இதுதான் காரணம்.

காப்பர் டி கரு தங்காமல் தடுக்கும், எந்தக் கிருமியையும் தடுக்காது. அவர் டெஸ்ட் எடுத்து ரிசல்ட் வரும்வரை ஆணுறை இல்லாமல் சேர வேண்டாம். உங்களுக்கு மனசில்லை என்றால் சேரவே வேண்டாம், அதற்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை.

அங்கேயே டெஸ்ட் எடுக்கச் சொல்லலாமே என்று தோன்றும். வளைகுடா நாடுகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் வெளிநாட்டுத் தொழிலாளியை ஊருக்கு அனுப்பிவிடும் வழக்கம் உண்டு. அந்தப் பயத்தில் பலர் அங்கே போகவே மாட்டார்கள். வந்ததும் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். அங்கே நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி இரண்டுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் எரிச்சல், சீழ், புண் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி.க்குச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம் கழித்து எடுக்கும் டெஸ்டை நம்பலாம். உங்கள் கணவருக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வேறு எங்கும் போகவில்லை என்றால் ஒரே டெஸ்ட் போதும். ரிசல்டை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. முன்கூட்டியே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் எய்ட்ஸ் உதவி எண் 1097-ஐக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.

ஆணுறைக்கும் ஊர்க் கடையில் போய் நிற்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே தருவார்கள். இல்லாவிட்டால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தெரியாத கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவரோடு நீங்கள் சேரவில்லை என்றால் இதனால் உங்களுக்கு இப்போது எதுவும் வந்திருக்காது. வழக்கமான வெள்ளைப்படுதலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நாற்றம், நிற மாற்றம், அடிவயிற்று வலி இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

டெஸ்டுக்கு வரமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், உறை இல்லாமல் முடியாது என்று நீங்களும் உறுதியாக நில்லுங்கள். அதையும் மீறி வற்புறுத்தினாலோ கை ஓங்கினாலோ 181-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கான உதவி எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள்.