வாசகர் கேள்வி பதில்: ஒரே ஏரி, வெவ்வேறு சினைக்காலம்

சென்ற இதழில் ஐஸ்லாந்தின் திங்வல்லாவட்ன் ஏரியில் வாழும் ஆர்க்டிக் சார் மீனின் நான்கு வடிவங்களை, அதாவது ஒரே இனத்துக்குள் உடலமைப்பாலும் உணவாலும் வேறுபட்ட கூட்டங்களை, பற்றி ஒரு சிறு விடை எழுதியிருந்தோம். அவை நான்கும் ஒரே காலத்தில் முட்டையிடுவதில்லை என்ற வரி பல வாசகர்களைக் கேள்வி கேட்க வைத்திருக்கிறது. சால்மன், ட்ரவுட், சார் ஆகியவற்றை உள்ளடக்கிய அந்த மீன் குடும்பத்தின் சினைக்காலத்துக்கே இம்முறை இப்பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

வெள்ளவத்தையிலிருந்து விலங்கியல் மாணவி ஒருவர்: ஒரே இனம், ஒரே ஏரி, ஒரே தண்ணீர். அப்படியிருக்க ஒரு கூட்டம் ஜூலையிலும் மற்றொரு கூட்டம் ஒக்டோபரிலும் முட்டையிடுவதற்குக் காரணம் என்ன?

ஏரி ஒன்றுதான், ஆனால் முட்டை கிடக்கும் இடத்துத் தண்ணீர் ஒன்றல்ல. திங்வல்லாவட்ன் ஏரிக்கு வரும் நீரின் மிகப் பெரும்பகுதி, எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளின் ஊடாக நிலத்தடியில் ஓடிவந்து ஊற்றுகளாகப் பொங்குவது. ஏரியின் மேல்நீர் கோடையில் பல பாகை வெப்பமடைவதும் பனிக்காலத்தில் உறைநிலையை நெருங்குவதுமாக மாறிக்கொண்டிருக்க, இந்த ஊற்றுநீர் மட்டும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 3 முதல் 4 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கிறது. சார் மீனின் முட்டைகள் 8 பாகைக்கு மேற்பட்ட நீரில் பெருமளவில் இறந்துவிடும் என்பதால், கோடையில் முட்டையிடும் சார் மீனுக்கு ஊற்று பொங்கும் கற்பரப்பைப் போன்ற பாதுகாப்பான இடம் கரையோரத்தில் வேறு கிடைப்பது அரிது. அடித்தளத்தில் நத்தைகளைத் தின்று வாழும் பெரிய வடிவம் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கேதான் முட்டையிடுகிறது. பிளாந்தன் எனும் நுண்ணிய மிதவை உயிர்களை உண்ணும் வடிவமோ ஏரி குளிர்ந்த பின்னர், செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் முட்டையிடுகிறது.

இதன் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. மீன் வளர்ப்பாளர்கள் முட்டையின் வளர்ச்சியை நாள்களால் மட்டும் அளப்பதில்லை. ஒவ்வொரு நாளின் நீர் வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே போவார்கள். பழுப்பு ட்ரவுட்டின் முட்டை பொரிப்பதற்கு அந்தக் கூட்டுத்தொகை ஏறத்தாழ 440 ஆக வேண்டும் என்று கொண்டால், 4 பாகை நீரில் 110 நாள்களும் 8 பாகை நீரில் 55 நாள்களும் செல்லும். பொரித்த குஞ்சு, தன் வயிற்றிலுள்ள கருவூண் பை தீரும் வரை சரளைக் கற்களுக்கிடையில் ஒதுங்கியிருந்து, அது தீர்ந்ததும் இரை தேடி வெளியே வரும். அந்த வேளையில் இரை இல்லாவிட்டால் அது பட்டினியால் இறக்கும். மிகப் பிந்தி வந்தாலோ, முன்னரே வந்து வளர்ந்துவிட்ட குஞ்சுகளோடு இடத்துக்கும் இரைக்கும் போட்டியிட்டுத் தோற்கும். எனவே தாய்மீன் முட்டையிடும் நாள், குஞ்சு இரை தேடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி வருவது. நீண்டகால நெல்லை முந்தியும் குறுங்கால நெல்லைப் பிந்தியும் விதைத்து இரண்டையும் ஒரே காலத்தில் அறுக்கும் நம் விவசாயிகளின் கணக்கும் இதுவேதான். மீன் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. தவறான காலத்தில் முட்டையிட்டவற்றின் சந்ததி தலைமுறை தலைமுறையாக அழிந்துபோனதன் விளைவாக அந்தக் கணக்கு மீனின் உடலில் பதிந்திருக்கிறது.

இடத்துக்கேற்பக் காலம் மாறுவதற்குக் கனடாவின் ஒக்கனகன் ஏரி தெளிவான சான்று. அங்கே கடலுக்குப் போகாமல் நன்னீரிலேயே வாழ்நாளைக் கழிக்கும் கொக்கனி சால்மனில் இரு வகுப்புகள் உண்டு. ஓடைகளுக்குள் ஏறி முட்டையிடுபவை செப்டெம்பரிலும், ஏரிக்கரைக் கற்களிடையே முட்டையிடுபவை பெரும்பாலும் ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பின்னரும் அதைச் செய்கின்றன. இலையுதிர் காலத்தில் ஓடைநீர் முதலில் குளிர்கிறது. பெரிய ஏரி தன் வெப்பத்தை எளிதில் விடுவதில்லை.

இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் இடைவெளி இன்னும் பெரியது. அங்குள்ள சார் மீன்களில் ஒரு கூட்டம் நவம்பரை ஒட்டிக் கரையோர ஆழமற்ற நீரிலும், மற்றொரு கூட்டம் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் 15 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திலும் முட்டையிடுகின்றன. வினிஃப்ரெட் ஃப்ரொஸ்ட் என்ற ஆய்வாளர் முட்டையிட வந்த மீன்களுக்கு அடையாளமிட்டு விடுவித்துப் பார்த்தபோது, பின்னைய ஆண்டுகளில் மீண்டும் அகப்பட்டவை பெரும்பாலும் அதே பருவத்தில், அதே இடத்துக்கே திரும்பியிருந்தன. 1965இல் வெளிவந்த அந்த ஆய்வு, பொறுமையாகச் செய்யப்படும் களப்பணி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நான் மாணவர்களுக்கு எப்போதும் எடுத்துக்காட்டுவது. வட நோர்வேயின் ஃபியெல்ஃப்ரோஸ்வட்ன் ஏரியிலும் கரையோர சார் செப்டெம்பரில் முட்டையிட, ஆழ்நீர் சார் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் கழித்து, மேலே பனிப்பாளம் மூடியிருக்கும்போது முட்டையிடுகிறது. இவ்வாறு பிரிந்த இரு கூட்டங்கள் கலந்து இனம்பெருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

இருப்பினும் எல்லா வடிவங்களையும் காலமே பிரிக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திங்வல்லாவட்னிலேயே சிறிய அடித்தள வடிவத்தின் சினைக்காலம் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை நீண்டு மற்றவற்றின் மேல் படிகிறது. அயர்லாந்தின் மெல்வின் ஏரியில் கில்லரூ, சொனகன், ஃபெரொக்ஸ் என்ற மூன்று ட்ரவுட் வடிவங்களைப் பிரித்து வைத்திருப்பது பெரும்பாலும் இடம்: கில்லரூ ஏரியிலிருந்து வெளியேறும் ஆற்றிலும், மற்றவை ஏரிக்குள் வரும் வெவ்வேறு ஆறுகளிலும் முட்டையிடுகின்றன.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர்: தன் காலம் வந்துவிட்டது என்பதை மீன் எவ்வாறு அறிகிறது? இது பழக்கமா, பரம்பரையா?

முதன்மையான குறி பகலின் நீளம். அது குறைவதையோ கூடுவதையோ கண் வழியாகவும் மூளையிலுள்ள கூம்புச் சுரப்பி வழியாகவும் உணர்ந்து, அதற்கேற்ப ஓமோன்கள் சுரந்து, பல மாதங்களுக்கு முன்பே சினை முதிரத் தொடங்குகிறது. வெப்பநிலை இறுதிக் கட்டத்தைச் சற்று முன்பின்னாக நகர்த்துகிறது. வளர்ப்புப் பண்ணைகளில் செயற்கை விளக்கொளியால் பகலின் நீளத்தை மாற்றி வெவ்வேறு மாதங்களில் ட்ரவுட் முட்டை பெறுவது இன்று வழமையான தொழில்முறையாகிவிட்டது. ஒளியும் வெப்பமும் மாறாமல் வைக்கப்பட்ட வானவில் ட்ரவுட்டுகளும் ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை சினை முதிர்வதை ஆய்வுகள் காட்டியிருப்பதால், மீனின் உள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் இருப்பதும், வெளி ஒளி அதைத் திருத்திக்கொண்டே இருப்பதும் தெளிவாகிறது.

அந்தக் கடிகாரம் எந்த மாதத்தைச் சுட்ட வேண்டும் என்பது பெருமளவுக்குப் பரம்பரையாக வருகிறது. முந்தி முட்டையிடும் தாய்மீன்களையே தொடர்ந்து தெரிந்தெடுத்துப் பெருக்கிய பண்ணைகளில் சில தலைமுறைகளுக்குள் முழுக் கூட்டத்தின் சினைக்காலமும் முன்னே நகர்ந்துவிடுகிறது. இக்குணத்தில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. முந்தி முதிரும் மீனுக்கு முந்தி முதிர்ந்த துணைதான் கிடைக்கும், பிந்தியதற்குப் பிந்தியதுதான். ஆகவே காலத்தில் ஏற்படும் சிறு வேறுபாடு தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு, உடல் அமைப்பு, உணவு போன்ற பிற வேறுபாடுகள் வளர்வதற்கும் இடமளிக்கிறது. பெர்லினுக்கு வடக்கேயுள்ள ஸ்டெக்லின் ஏரியில் சால்மன் குடும்பத்தையே சேர்ந்த, பனிக்காலத் தொடக்கத்தில் முட்டையிடும் வெள்ளைமீனோடு, இளவேனிலில் முட்டையிடும் இன்னொரு வெள்ளைமீனும் சேர்ந்து வாழ்கிறது. அதனை 2003இல் தனி இனமாகவே விவரித்துப் பெயரிட்டார்கள்.

மட்டக்குளியிலிருந்து ஓர் ஆசிரியர்: நம் மலைநாட்டில் ட்ரவுட் இருப்பதாக அறிகிறேன். பனிக்காலமே இல்லாத நாட்டில் அது என்ன செய்யும்?

ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூண்டில் வேட்டைக்காகக் கொண்டுவந்த ட்ரவுட்டுகளில், ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் நிலைத்துவிட்டது வானவில் ட்ரவுட். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரம் தரும் குளிர்ச்சிதான் அதை வாழவைக்கிறது. பகல் நீளத்தைப் பொறுத்தவரை, விண்டர்மியரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் வேறுபாடு இருக்க, இலங்கையில் அது ஒரு மணித்தியாலத்தையும் எட்டுவதில்லை. மேலே சொன்ன உள் கடிகாரம் இத்தகைய இடங்களில் எவ்வளவு இன்றியமையாதது என்பதை இதிலிருந்து உணரலாம். உங்கள் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றால், அது வெளியிலிருந்து வந்து சமவெளியின் சொந்த உயிரினங்களை உண்ணும் மீன் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகி: ஒரு வடிவம் அழிந்தாலும் அந்த இனம் மிஞ்சியிருக்கிறதே, அதில் என்ன பெரிய இழப்பு?

இக்கேள்விக்கு ஆர்மேனியாவின் செவான் ஏரியைக் காட்டிலும் பொருத்தமான விடை எனக்குத் தெரியவில்லை. அங்கு மட்டுமே தோன்றிய இஷ்கான் ட்ரவுட்டில் நான்கு வடிவங்கள் இருந்தன. பனிக்கால இஷ்கானும் உருவில் சிறிய போஜாக்கும் ஏரிக்குள்ளேயே கரையோரச் சரளையில் முட்டையிட்டன. கோடை இஷ்கானும் கெகார்குனியும் ஆறுகளை நாடின. 1930கள் முதல் மின்னுற்பத்திக்கும் நீர்ப்பாசனத்துக்குமாக ஏரிநீரை வெளியேற்றியதில் நீர்மட்டம் பல பத்தாண்டுகளில் ஏறத்தாழ 20 மீற்றர் இறங்கியது. பன்னெடுங்காலமாக முட்டையிட்டுவந்த சரளைப் பரப்புகள் கரையேறிக் காய்ந்தன. ஏரிக்குள் முட்டையிட்ட இரண்டு வடிவங்களும் அற்றுப்போயின. மற்ற இரண்டும் பெரும்பாலும் குஞ்சு பொரிப்பகங்களின் தயவில் நிற்கின்றன.

சுவிட்சர்லாந்தில் நடந்தது கண்ணுக்கு இவ்வளவு எளிதில் தெரியாதது. அந்நாட்டு ஏரிகளின் வெள்ளைமீன்கள் ஆழத்தாலும் காலத்தாலும் பிரிந்து தனித்தனி இனங்களாக இருந்தவை. 20ஆம் நூற்றாண்டில் கழிவுநீரிலும் உரத்திலும் இருந்து வந்த பொசுபரசு ஏரிகளில் பாசியைப் பெருக்க, அது மடிந்து அழுகியபோது அடிநீரின் ஒட்சிசன் தீர்ந்தது. ஆழத்தில் இடப்பட்ட முட்டைகள் மூச்சின்றிக் கெட்டன. ஆழத்தின் கதவு அடைபட்டதும் வெவ்வேறு இனங்கள் மேல்நீரில் நெருங்கிக் கலந்து, தம் தனித்தன்மையை இழந்தன. 17 ஏரிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, அவற்றின் வெள்ளைமீன் இனங்களில் சராசரியாக 38 வீதம் இழக்கப்பட்டுவிட்டதாகக் கண்டது. மீன் அங்கே இன்றும் இருக்கிறது, வலையிலும் விழுகிறது. ஆனால் பனியுகம் முடிந்த பின்னைய ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உருவான பிரிவினை, சில பத்தாண்டுகளில் கரைந்துவிட்டது.

வடிவங்களைக் காக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். இனத்தின் பெயரைப் பட்டியலில் காப்பாற்றுவதால் குறிப்பிட்ட சரளையையும், அதன் மேல் ஓடும் குளிர்ந்த நீரையும், அதற்குப் பொருந்திய மாதத்தையும் அறிந்த பரம்பரை காப்பாற்றப்படுவதில்லை. இத்தாலியின் கார்தா ஏரியிலுள்ள கார்பியோனே என்ற ட்ரவுட் பனிக்காலத்திலும் கோடையிலுமாக ஆண்டில் இரு பருவங்களில், ஏரியின் ஆழத்தில் முட்டையிடுவது. இன்று அது அழிவின் விளிம்பில் உள்ளது. அதன் ஒரு பருவத்து மீன்களிலிருந்து மட்டும் சினை எடுத்துக் குஞ்சு வளர்த்து விட்டால், எண்ணிக்கை கூடலாம், மற்றப் பருவம் மீளாது. செவானிலும் 1981இல் அர்பா ஆற்று நீரைச் சுரங்கவழியே ஏரிக்குக் கொண்டுவந்தார்கள், பின்னர் நீர்மட்டம் ஓரளவு உயர்ந்தும் இருக்கிறது. பனிக்கால இஷ்கான் மட்டும் திரும்பவில்லை.