பக்கத்து சர்வரின் ரேமைக் கடன் வாங்கினால் தேடல் மட்டும் ஏன் திணறுகிறது?

கேள்வி: எங்கள் டேட்டா சென்டரில் சில சர்வர்களில் ரேம் போதவில்லை, சிலவற்றில் பாதி சும்மா கிடக்கிறது. அதை ஆர்டிஎம்ஏ (இன்னொரு சர்வரின் ரேமை நெட்வொர்க் வழியாக நேரடியாகத் தொடும் முறை) வழியாக ஸ்வாப்பாக (ரேம் நிறைந்தால் டேட்டாவைத் தள்ளிவைக்கும் இடம்) இணைத்தோம். இரவில் ஓடும் அறிக்கை வேலைகளுக்குப் பாதிப்பில்லை. ஒரு கீயைக் கொடுத்தால் அதற்குரிய வேல்யூவைத் தரும் கீ-வேல்யூ தேடல் சேவை மட்டும் படுத்துவிட்டது. வேகமான நெட்வொர்க் கார்டு வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சொந்த ரேமைத் தொட சுமார் 100 நானோ நொடி. பக்கத்து சர்வரிலிருந்து 4 கேபி பேஜ் (ரேமைப் பிரித்துக் கையாளும் துண்டு) ஒன்று வந்துசேர, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் வேலையையும் சேர்த்து, சில மைக்ரோ நொடிகள். புதுக் கார்டு ஒரே நேரத்தில் நிறைய டேட்டாவை அனுப்பும். ஒரு தடவை போய்வரும் நேரத்தைப் பெரிதாகக் குறைக்காது. உங்கள் சேவையோ தேவைக்கு மேல் போய்வருகிறது.

அறிக்கை வேலை ரேமை வரிசையாகப் படிக்கும். அடுத்து எந்தப் பேஜ் என்று கர்னல் ஊகித்து முன்பே எடுத்து வைத்துவிடும். தேடல் எங்கெங்கோ தாவுவதால் அதில் இந்த ஊகம் பலிக்காது. 100 பைட் வேல்யூவுக்காக 4,096 பைட் வருகிறது. போதாக்குறைக்கு லினக்ஸில் பேஜ்-கிளஸ்டர் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 3. அதாவது 8 பேஜ் வரை சேர்த்து இழுக்கும். வேண்டாதது வந்து உட்கார, வேண்டியது வெளியே போகும். அதை முதலில் 0 ஆக்குங்கள். இது சர்வர் முழுவதற்குமான அமைப்பு என்பதால், அறிக்கை வேலைகளும் அதே சர்வரில் ஓடினால் அவற்றை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம் இண்டெக்ஸ், அதாவது எந்தக் கீயின் வேல்யூ எங்கே இருக்கிறது என்று காட்டும் அமைப்பு. பெரிய லாபம் இங்கேதான். மர வடிவ இண்டெக்ஸில் ஒரு கணுவை (மரம் கிளை பிரியும் புள்ளி) படித்தால்தான் அடுத்த கணுவின் முகவரி தெரியும். ஐந்து கணுவும் வெளியே இருந்தால் ஐந்து பயணம், ஒன்று முடிந்தபின் ஒன்றாக. எனவே இண்டெக்ஸ் முழுவதையும் எம்லாக் (ஸ்வாப்புக்குப் போகாமல் தடுக்கும் லினக்ஸ் வசதி) போட்டு சொந்த ரேமிலேயே பூட்டுங்கள். வேல்யூக்கள் மட்டும் வெளியே போகட்டும். இரண்டுக்கும் தனித்தனி இடம் ஒதுக்குவது முக்கியம். ஒரே பேஜில் கலந்து கிடந்தால் பூட்டுவதில் அர்த்தமில்லை. இதன்பின் பெரும்பாலான தேடல்கள் ஒரே பயணத்தில் முடியும்.

அதுவும் போதாவிட்டால்தான் நிரலைத் தொட வேண்டும். 2020-இல் வெளியான ஏஐஎஃப்எம் என்ற ஆய்வு அமைப்பு முழுப் பேஜை விட்டுவிட்டு ஆப்ஜெக்ட் அளவில், அதாவது நிரலுக்குத் தேவையான தனித் துண்டாக, டேட்டாவைக் கொண்டுவருகிறது. காத்திருக்கும் நேரத்தில் அதே நிரலின் வேறு த்ரெட்டை (இணையாக ஓடும் வேலையை) ஓடவிடுகிறது. நல்ல யோசனைதான், ஆனால் டேட்டா அமைப்புகளை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

எவ்வளவு வெளியே தள்ளலாம் என்பதை ஊகிக்காதீர்கள். லினக்ஸில் ஒரு சேவைக்கு வரம்பு வைக்க உதவும் சிகுரூப்பின் மெமரி.ஹை என்ற ரேம் வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ரேமுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று காட்டும் மெமரி.பிரஷர் எண்ணையும் மிக மெதுவான 1% கோரிக்கைகளையும் கவனியுங்கள். அவை ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள்.

கடன் கொடுத்த சர்வர் செத்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள் கேட்கவில்லை. அதிலிருந்த பேஜ்களுக்கு வேறு பிரதி இல்லையென்றால், அவற்றைத் தொட்டவுடன் உங்கள் புராசஸும் சாகும். பக்கத்து சர்வரின் ரேமை ஸ்வாப்பாகத் தரும் இன்ஃபினிஸ்வாப் போன்றவை உள்ளூர் டிஸ்கிலும் பின்னணியில் ஒரு பிரதி எழுதிவைக்கும். உங்கள் அமைப்பில் அந்த வசதி இருக்கிறதா என்று, கடன் தரும் சர்வர் ஒன்றை வேண்டுமென்றே அணைத்துச் சோதித்துவிட்டு அப்புறம் லைவுக்கு விடுங்கள்.