வீடியோ எடுக்காமல் காசு சேராதா?

கேள்வி: நான் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் ஊரில் ஒரு அண்ணாவுக்கு வயது 43. நாலைந்து வருடமாகக் கை கால் தன்பாட்டில் ஆடுகிறது, கதை குழறுகிறது, சட்டென்று கோபம் வருகிறது. குடிவெறி என்றார்கள், செய்வினை என்றார்கள். போன மாதம் யாழ்ப்பாணத்தில் ஹன்டிங்டன் நோய் என்று சொல்லிவிட்டார்கள். பரம்பரை நோயாம், மாற்ற மருந்து இல்லையாம். அக்கா கூலிவேலைக்குப் போகமுடியாமல் வீட்டோடு இருக்கிறா. மகளுக்கு 17, மகனுக்கு 12. விளையாட்டுக் கழகப் பெடியளும் மாதர் சங்கமும் சேர்ந்து காசு சேர்க்க நிற்கிறோம். கனடாவில் இருக்கும் ஒருவர், அண்ணா நடப்பதை வீடியோ எடுத்துப் போட்டால் ஒரு கிழமையில் பெரிய தொகை சேரும் என்கிறார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அவருடைய படம் ஒட்டிய உண்டியலோடு போகலாம் என்கிறார்கள் பெடியள். அக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்ன செய்யலாம்? நோட்டீஸில் என்ன எழுதலாம்?

பதில்: அன்புத் தங்கச்சி,

அக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அர்த்தம் "இல்லை" என்பதுதான். வீட்டில் அரிசி இல்லாத நேரத்தில், உதவ வந்து முற்றத்தில் நிற்பவர்களிடம் "வேண்டாம்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆகவே வீடியோ வேண்டாம். படம் ஒட்டிய உண்டியலும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், பெடியளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகி அவருடைய படத்தைப் போட்டுக் காசு சேர்த்தால், படத்தில் இருப்பது அவர் மட்டும்தான். இந்த நோய் அப்படி இல்லை. 4ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) இருக்கும் ஒரு பரம்பரையலகில் (ஜீன்) ஒரு சின்னத் துண்டு அளவுக்கு மிஞ்சித் திரும்பத் திரும்ப வருவதால் வருவது இது. அந்தத் துண்டு 40 தடவை அல்லது அதற்கு மேல் வந்திருந்தால், வாழ்நாளில் எப்போதாவது நோய் வெளிக்காட்டும். பெரும்பாலும் 30க்கும் 50க்கும் இடையில். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணோ பெண்ணோ. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது மாதிரி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சுண்டவேண்டும். பூ விழுந்த பிள்ளைக்கு நோயும் இல்லை, அந்தப் பிள்ளையின் சந்ததிக்கும் இல்லை. ஆனால் வீடியோவைப் பார்க்கிற ஊருக்கு இந்தப் பாதிக் கணக்கெல்லாம் தெரியாது. "அந்தக் குடும்பம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். தகப்பனின் ஆட்டத்தைப் படம் பிடித்தால் 17 வயது மகளையும் 12 வயது மகனையும் சேர்த்துத்தான் பிடிக்கிறீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன், வேறொரு பரம்பரை நோய்க்கு உதவி கேட்டு, ஒரு தாயின் படத்தோடு நோட்டீஸ் அடித்தவர்களில் நானும் ஒருத்தி. நல்ல காசு சேர்ந்தது. அது ஆறு மாதத்தில் முடிந்தும் போனது. மகளுக்குப் பேசிவந்த சம்பந்தம் குழம்பியது மட்டும்தான் மிஞ்சியது. மாப்பிள்ளை வீட்டார் அந்த நோட்டீஸை மடித்துக் கொண்டுவந்து காட்டினார்களாம். அதன் கீழே தொடர்புக்கு என்று போட்டிருந்தது என்னுடைய பெயர்.

அப்படியென்றால் மூடி மறைக்கச் சொல்கிறேனா? இல்லை. மறைத்து மறைத்துத்தான் இந்த நோயாளிகள் உலகம் முழுக்கக் குடிகாரர் என்றும் பேய் பிடித்தவர் என்றும் பெயர் வாங்கினார்கள். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வூடி கத்ரியையும் முதலில் குடியால் கெட்டவர் என்றுதான் நினைத்தார்கள். அவருடைய தாயும் இதே நோயால் ஒரு மனநோய் விடுதியில் இறந்தவர். 1967இல் கத்ரி இறந்தபோது, விவாகரத்தான பிறகும் அவரைக் கவனித்துவந்த மார்ஜரி என்ற நடனக் கலைஞர், பாதிக்கப்பட்ட குடும்பங்களைத் தேடிச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். வெனிசுவேலாவின் மராகாய்போ ஏரிக்கரைக் குடும்பங்கள் கொடுத்த இரத்தத்தை வைத்துத்தான், 1983இல் நோய் எந்த நிறமூர்த்தத்தில் என்பதையும் 1993இல் அந்தப் பரம்பரையலகையும் கண்டுபிடித்தார்கள். 2017இல் ரோமில் பாப்பரசர் பிரான்சிஸ் இந்த நோயுள்ளவர்களைச் சந்தித்தபோது, தென்னமெரிக்காவிலிருந்தும் குடும்பங்கள் வந்து எல்லோர் முன்னாலும் நின்றார்கள். அவர்கள் தாங்களாக வந்து நின்றவர்கள். நம்முடைய அண்ணாவை ஒருவர் ஃபோனைப் பிடித்துக்கொண்டு "கொஞ்சம் நடந்து காட்டுங்கோ" என்று சொல்வது வேறு. எப்போதாவது அந்தப் பிள்ளைகளே வளர்ந்து "எங்கள் அப்பாவுக்கு இதுதான்" என்று மேடையில் சொன்னால் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

வன்னியில் இன்னொரு சிக்கலும் உண்டு. வைத்தியர் முதலில் கேட்பது, "அப்பாவுக்கு இருந்ததா, அப்பப்பாவுக்கு இருந்ததா?" என்றுதான். இடப்பெயர்வில் கிளினிக் கொப்பியும் போய்விட்டது, சொல்லக்கூடிய கிழவன் கிழவியும் போய்விட்டார்கள். கை ஆடினால் ஷெல் அதிர்ச்சி என்போம், தள்ளாடினால் கசிப்புச் சாராயம் என்போம். அந்த அண்ணாவின் பெரியம்மா, மாமா யாராவது உயிரோடு இருந்தால், குடும்பத்தில் யார் யார் எந்த வயதில் எப்படி இருந்தார்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைக்க அக்காவுக்கு உதவுங்கள். அதற்குக் காசு தேவையில்லை. கொப்பி அக்காவின் பெட்டியிலேயே இருக்கட்டும்.

சரி, காசுக்கு வருவோம். அரச வைத்தியசாலையில் வைத்தியருக்குக் காசு கட்டத் தேவையில்லை. காசு வேறு வழியில் போகும். கிளினிக் நாளில் பஸ்ஸில் ஏற்ற முடியாமல் ஓட்டோ பிடிப்பது, அன்றைய சாப்பாடு, அக்காவின் போன கூலி. பிறகு சாப்பாடு. ஓயாமல் உடம்பு ஆடுவதாலும் நோயின் தன்மையாலும் இவர்கள் மெலிந்துகொண்டே போவார்கள். சிலருக்கு மற்றவர்களைப்போல இரண்டு மடங்கு வரை சாப்பாடு தேவைப்படும். வறுமைப்பட்ட வீட்டில் அதுதான் பெரிய செலவு, ஆனால் எந்த நோட்டீஸிலும் அது வராது. இந்த நோய் தொடங்கிய பிறகு 15, 20 வருடம் போகலாம். ஒரு கிழமையில் சேரும் பெரிய தொகை, 20 வருட நோய்க்கு எத்தனை நாள் காணும்? அதைவிட, பெரிய தொகை வந்தது ஊருக்குத் தெரிந்தால் "அவைக்கு இப்ப வசதிதானே" என்ற கதையும் கூடவே வரும்.

உங்கள் ஊரில் மரண உதவிச் சங்கம் இருக்கும். இல்லாத வன்னிக் கிராமம் குறைவு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஒவ்வொரு வீடும் இவ்வளவு என்று கொடுக்கிறோம், யாரும் வீடியோ கேட்பதில்லை. அதே பழக்கத்தை உயிரோடு இருப்பவருக்குத் திருப்புங்கள். 60 வீடு மாதம் 100 ரூபாய் கொடுத்தால் மாதம் 6,000. பெரிய தொகை இல்லைதான், ஆனால் அடுத்த மாதமும் வரும், அதற்கு அடுத்த மாதமும் வரும். காசு கஷ்டமான வீடு பிடியரிசி போடட்டும். உலை வைக்கும்போது ஒரு பிடியைச் சின்ன முட்டியில் போட்டு மாதக் கடைசியில் மாதர் சங்கம் சேர்க்கட்டும். காலபோக அறுவடை நேரம், இயந்திரம் நெல்லைக் கொட்டும் இடத்தில் கடகத்தோடு நின்றால் யாரும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். அந்த நேரம் கை தாராளமாக இருக்கும், சித்திரைக்குப் பிறகு போனால் வேறு முகம்.

கனடாக்காரரிடம் நன்றியோடு சொல்லுங்கள்: படம் இல்லை, மாதக் கணக்கு மட்டும் அனுப்புவோம், விருப்பமென்றால் மாதம் ஒரு சிறு தொகை போடுங்கள் என்று. அதோடு அவர் ஒதுங்கிவிட்டால் ஒதுங்கட்டும். பெடியள் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி வைக்கலாம். அணிக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம், பக்கத்தில் மாதர் சங்கத்தின் கூழும் வடையும். காசை யாருடைய சொந்தக் கணக்கிலும் போடவேண்டாம். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ மாதர் சங்கத்துக்கோ இருக்கும் வங்கிக் கணக்கில், இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கட்டும். வீட்டில் நுண்கடன் ஏதும் இருந்தால், சேர்ந்த காசை அள்ளி அதில் கொட்டவேண்டாம். நாலு பேர் கூடப்போய்த் தவணையைத் தள்ளிக் கேளுங்கள். அரசாங்கக் கொடுப்பனவு எதற்கு விண்ணப்பிக்கலாம் என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். வைத்தியரின் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து வைப்பது நல்லது.

அப்புறம் ஆள் உதவி. இதுதான் காசைவிட அரிதாகக் கிடைப்பது. பின்னேரம் மூன்று மணிக்கு ஒருவர் போய் அண்ணாவோடு இருந்தால், அக்கா குளித்து ஒரு மணித்தியாலம் நித்திரை கொள்ளலாம். போகிறவருக்கு இரண்டு விசயம் தெரியவேண்டும். ஒன்று, அண்ணாவிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரமெடுக்கும். விளங்காமல் இல்லை, வார்த்தை வெளியே வரச் சுணங்கும். இடையில் இன்னொரு கேள்வி கேட்டால் கோபம்தான் வரும், அந்தக் கோபமும் நோயின் பாகம். மற்றது, விழுங்குவது. பாணைத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுப்பது நம் பழக்கம், இவருக்குப் புரையேறும். நேராக நிமிர்த்தி இருத்தி, புட்டையோ இடியப்பத்தையோ சொதி விட்டு நன்றாகக் குழைத்து, சின்னச் சின்ன வாயாக, கதை கொடுக்காமல் கொடுக்கவேண்டும். எந்தப் பதம் சரி என்று அடுத்த கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். கதிரை பாரமானதாக, கைப்பிடி உள்ளதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கதிரை ஆளோடு சேர்ந்து சரிந்துவிடும். கழகப் பெடியளில் தச்சுவேலை தெரிந்தவர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துக்கொடுப்பார்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த நோயில் மனச்சோர்வும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் மற்றவர்களைவிடக் கூட. வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தால், இன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து உண்டு, கை கால் ஆட்டத்தைக் குறைக்கவும் மருந்து உண்டு, வைத்தியரிடம் கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். அக்காவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

மகளை இரத்தம் சோதிக்கச் சொல்லி யாராவது தொடங்குவார்கள், பார்த்துக்கொண்டிருங்கள். நோய்க்குறி இல்லாத பிள்ளையை 18 வயதுக்கு முன் சோதிப்பதில்லை. 18க்குப் பிறகும் ஆலோசனை பெற்று, தான் அறிய விரும்பினால் மட்டும். வேண்டாம் என்று இருப்பதும் அவளுடைய உரிமை. நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால் கட்டிக்கொள்பவரிடம் சொல்லத்தான் வேண்டும், ஆனால் சொல்லவேண்டிய வாய் அவளுடையது.

நோட்டீஸ் கேட்டிருந்தீர்கள். இவ்வளவு போதும்:

"எங்கள் ஊரில் நீண்டகால நோயோடு இருக்கும் ஒரு குடும்பத்துக்காக உலைக்கு ஒரு பிடி அரிசியோ மாதம் 100 ரூபாயோ சேர்க்கிறோம். பெயர் கேட்கவேண்டாம். கணக்கு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு முன்பள்ளியில் வாசிக்கப்படும். பின்னேரங்களில் ஒரு மணித்தியாலம் தரக்கூடியவர்கள் மாதர் சங்கத்தில் சொல்லவும்."

அச்சடிக்கக் கொடுக்கமுதல் அக்காவிடம் வாசித்துக் காட்டுங்கள். பெடியள் இல்லாத நேரமாகப் பார்த்து, தனியாக.