கற்பனை உலகத்து விருந்தை எந்த நாட்டுச் சமையலில் தேடுவது?

வாசகர் கேள்வி: அரசர்களும் டிராகன்களும் உலவும் கதைகளில் ஊறிப்போன நண்பர்கள் பத்துப் பேருக்குப் பிறந்தநாள் விருந்து சமைக்கப்போகிறேன். சுட்ட இறைச்சி, ரொட்டி, குழம்பு என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் தோன்றவில்லை. அந்தக் கதைகளின் சாப்பாட்டுக்கு நெருக்கமான நிஜ நாட்டுச் சமையல் எது? இரண்டு பேர் இறைச்சி சாப்பிடாதவர்கள். மதுவும் கிடையாது.

பதில்: ஒரு நாட்டை மட்டும் சொல்லச் சொன்னால், தயங்காமல் ஜார்ஜியா என்பேன். காகசஸ் மலைகளை ஒட்டிய சிறு நாடு அது. ஆனால் அங்கே போகும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதைகளில் குடிசைச் சாப்பாடு, அரண்மனைச் சாப்பாடு என இரண்டு உண்டு. குடிசைச் சாப்பாட்டையே அளவில் பெரிதாக்கி அரசன் முன்னால் வைத்துவிடுவது கதாசிரியர்களின் வழக்கம். உங்களுக்குச் சுட்ட இறைச்சியைத் தாண்டி எதுவும் தோன்றாததற்குக் காரணம் அதுதான். இடைக்கால ஐரோப்பிய அரண்மனையில் உண்மையில் பரிமாறப்பட்ட உணவின் ருசியே வேறு.

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் தலைமைச் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த குறிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றைப் படித்தால் இன்றைய ஆங்கிலேயச் சமையல் நினைவுக்கே வராது. இஞ்சி, பட்டை, கிராம்பு, குங்குமப்பூ எல்லாம் தாராளமாக வருகின்றன. இறைச்சியோடு சர்க்கரையும் உலர்ந்த திராட்சையும் சேர்கின்றன. கோழி, அரிசி, பாதாம் பால், சர்க்கரை ஆகியவற்றைக் கூட்டிச் செய்யும் வெண்ணிறப் பண்டம் ஒன்றும் அதில் இருக்கிறது. கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்கவே மசாலா சேர்த்தார்கள் என்று பலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். கடல் கடந்து வந்த மசாலாவை வாங்கும் வசதி உள்ளவருக்குப் புதிய இறைச்சி வாங்குவது ஒரு செலவே அல்ல.

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சமையல்காரர்கள் மசாலாவைக் குறைத்தார்கள்; இனிப்பை விருந்தின் கடைசிக்கு நகர்த்தினார்கள்; வெண்ணெயையும் இறைச்சிச் சாற்றையும் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். மற்ற அரண்மனைகளும் அந்த வழியில் போயின. மேற்கு ஐரோப்பாவில் அப்படி மறைந்துபோன ருசி மொராக்கோ, துருக்கி, ஈரான் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மொராக்கோவின் பஸ்தியாவைப் பாருங்கள். புறா இறைச்சி, முட்டை, வறுத்த பாதாம் மூன்றையும் மெல்லிய மாவுத்தாள்களுக்குள் அடுக்கிச் சுட்டு, மேலே சர்க்கரைத் தூளும் பட்டைத் தூளும் தூவுவார்கள். அரசன் முன்னால் வைக்க இதைவிடப் பொருத்தமான பண்டம் எனக்குத் தெரியாது. துருக்கியின் தவுக் கோஸு, கோழி மார்பை இழையிழையாகப் பிரித்துப் பாலிலும் சர்க்கரையிலும் இறுக்கும் இனிப்பு. மேலே சொன்ன வெண்ணிறப் பண்டத்தின் நெருங்கிய உறவு அது. ஈரானில் வால்நட்டையும் மாதுளைச் சாற்றையும் சுண்டவைத்து, வாத்து அல்லது கோழி சேர்த்து ஃபெசென்ஜான் செய்கிறார்கள். புளிப்புக்குக் காய்த் திராட்சையைப் பிழிந்து ஊற்றும் இடைக்கால ஐரோப்பிய வழக்கமும் ஈரானியச் சமையலில் தொடர்கிறது.

குடிசைச் சாப்பாட்டுக்கு வடக்கே போக வேண்டும். பின்லாந்தில் ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தின் மாவில் நடுவே ஓட்டையுள்ள வட்ட ரொட்டி சுட்டு, கம்பில் கோத்துக் கூரைக்கடியில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்கள். மீனை ரொட்டி மாவுக்குள்ளேயே மூடிச் சுடும் கலாகுக்கோவும் அங்கே உண்டு. போலந்தின் ஜூரெக் புளித்த ரை மாவுச் சாறு; பிகோஸ், புளித்த முட்டைக்கோஸையும் பலவகை இறைச்சிகளையும் நாள்கணக்கில் திரும்பத் திரும்பச் சூடாக்கும் வேட்டைக்காரர் குழம்பு. சத்திரத்துக் காட்சி எழுதுபவர்களுக்கு இவை போதும். பிறந்தநாள் விருந்துக்குக் கொஞ்சம் கனமானவை.

ஜார்ஜியாவில் இந்த இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கின்றன. களிமண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் நீண்ட ரொட்டி, திராட்சைக்கொடிக் குச்சிகளின் தணலில் வாட்டிய இறைச்சி, கொம்புக் குவளை ஆகியவை ஒரு பக்கம். வால்நட், மாதுளை, குங்குமப்பூவுக்கு ஈடாகப் பயன்படும் காய்ந்த துலுக்கச் சாமந்தி (செண்டுமல்லி) இதழ் ஆகியவை மறுபக்கம். முட்டை வடிவ மண்பானைகளை நிலத்தில் புதைத்துத் திராட்சை மது செய்யும் அவர்களின் முறையை யுனெஸ்கோ 2013இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் விருந்தில் மது இல்லை என்பது ஒரு குறையாகாது. அந்த விருந்தின் உயிர் பேச்சில்தான் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இனி உங்கள் மேசை. ரொட்டியிலிருந்து தொடங்குங்கள். இடைக்கால விருந்தில் ஒவ்வொருவர் முன்னாலும் தட்டுக்குப் பதில் பழைய ரொட்டியின் கெட்டியான துண்டு இருக்கும். 1393ஐ ஒட்டிப் பாரிஸில் எழுதப்பட்ட குடும்பக் கையேடு ஒன்று, இதற்கான ரொட்டி அரை அடி அகலமும் நான்கு விரல் உயரமுமாக, நான்கு நாள் முன்பே சுட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. முழுக்கோதுமை ரொட்டியை வாங்கி நான்கு நாள் காயவிட்டு, இரண்டு விரல் தடிமனில் நறுக்கினால் போதும். கெட்டியான பண்டங்களை அதன்மேல் பரிமாறுங்கள். குழம்புக்குக் கிண்ணம் தாருங்கள். முள்கரண்டியை எடுத்துவைத்துவிடுங்கள். கத்தி, கரண்டி, கை ஆகிய மூன்றும்தான் அன்றைய கருவிகள்.

நடுவில் வைக்க ஜார்ஜியாவின் சாத்சிவி செய்யுங்கள். வேகவைத்த கோழியை அரைத்த வால்நட், பூண்டு, கொத்தமல்லி விதை, பட்டை, வினிகர் சேர்ந்த சாற்றில் ஊறவிட்டு, ஆறிய பிறகு பரிமாறுவது. ஒன்றரைக் கிலோ கோழிக்கு 300 கிராம் வால்நட் எடுங்கள். அரைக்கும் முன் ஒரு பருப்பைக் கட்டாயம் மென்று பாருங்கள். பழைய வால்நட் கசக்கும், அந்தக் கசப்பை எந்த மசாலாவும் போக்காது. இதே சாற்றைக் காளானுக்கோ வறுத்த கத்தரிக்காய்க்கோ ஊற்றினால் இறைச்சி சாப்பிடாத இருவருக்கும் ஆயிற்று. கூடவே ப்காலி: வேகவைத்துப் பிழிந்த கீரையை வால்நட்டோடு அரைத்து, உருண்டை பிடித்து, மேலே மாதுளை முத்துகளைப் பதித்தால் தட்டில் நகை வைத்தது போலிருக்கும். பாலாடைக்கட்டி அடைத்த கச்சாபுரி ரொட்டியை, மூடி போட்ட கனமான வாணலியிலேயே சுட்டுவிடலாம், ஓவன் அடுப்பு தேவையில்லை.

அந்த இருவருக்காக விட்டுக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். இடைக்கால ஐரோப்பாவில் திருச்சபையின் நோன்பு நாள்களில் இறைச்சி விலக்கு. பெரிய நோன்பில் பாலும் முட்டையும்கூட விலக்கு. பாதாம் பால் அரண்மனைச் சமையலறையில் அவ்வளவு பெரிய இடம் பிடித்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். உமி நீக்கி உடைத்த 400 கிராம் கோதுமையை இரவு ஊறவைத்து, மணி வெடிக்கும்வரை வேகவிட்டு, பாதாம் பாலும் குங்குமப்பூவும் சேர்த்துக் கெட்டியாக்குங்கள். ரிச்சர்டின் சமையல்காரர்கள் இந்தக் கோதுமைக் கஞ்சியை மான் இறைச்சியோடு பரிமாறினார்கள். இதன் உறவான கெஷ்கெக் இன்றும் துருக்கியின் திருமணங்களில் பெரிய அண்டாக்களில் கொதிக்கிறது.

எதைச் சேர்க்கக்கூடாது? உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம், மிளகாய், வான்கோழி எல்லாமே 1492க்குப் பிறகு அமெரிக்கக் கண்டங்களிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவை. திரைப்பட விருந்துகளில் அலைமோதும் வான்கோழிக் கால் அந்தக் காலத்தில் அங்கே இல்லை. ஜார்ஜியச் சமையலிலும் இவை கலந்துவிட்டன: ஊரே கொண்டாடும் சிவப்புப் பீன்ஸ் குழம்பு லோபியோ, மக்காச்சோள ரொட்டி இரண்டும் அப்படி வந்தவைதான். கற்பனை உலகத்துக்கு நம் உலகத்தின் வரலாறு கட்டாயமில்லை என்று நண்பர்கள் வாதிடலாம், நியாயமான வாதம். ஆனாலும் தக்காளியும் மிளகாயும் வந்தால் அவற்றின் ருசியே மேலோங்கி, மேசை இன்றைய மேசை ஆகிவிடுகிறது. நான் விட்டுவிடுவேன்.

குடிக்க ஈரானின் செகன்ஜபீன். தேனையும் தண்ணீரையும் கொதிக்கவிட்டு, வினிகர் சேர்த்து, புதினா போட்டு ஆறவிட்ட பாகு அது. குளிர்ந்த நீரில் கலந்து மண் குவளையில் ஊற்றுங்கள். சாத்சிவியையும் பாகையும் முந்தைய நாளே செய்துவிட்டால் விருந்தன்று கச்சாபுரியும் கஞ்சியும்தான் மிச்சம்.

கடைசியாகப் பேச்சு. ஜார்ஜிய விருந்துக்கு சுப்ரா என்று பெயர். அதை நடத்தும் தமாதா எழுந்து, இறந்தவர்களுக்கு, பெற்றோருக்கு, நட்புக்கு, விருந்தாளிகளுக்கு என்று ஒவ்வொன்றாக வாழ்த்துரை சொல்வார். மற்றவர்கள் அதைத் தொடர்ந்து பேசிய பிறகே குவளை காலியாகும். உங்கள் பத்துப் பேரில் மனம்விட்டுப் பேசத் தெரிந்தவர் யார் என்று இன்றே முடிவு செய்து, அவருக்குச் சொல்லிவைத்துவிடுங்கள். ரொட்டி காய எடுக்கும் நான்கு நாளும் அவருக்கும் தேவைப்படும்.